பெர்லினில் அச்சுக் கோத்த மாணவர்

கீரிப்பாறைக்குப் போகும் பாதை குமரி மாவட்டத்து வாசகர்களுக்குப் புதிதல்ல. நாகர்கோவிலில் பஸ் ஏறினால் பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம் என்று வயலும் வாழைத்தோப்பும் மாறி மாறி வரும். பிறகு ரோடு ரப்பர் மரங்களுக்குள் நுழைந்துவிடும். அங்கே சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம் உறவினர் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். அவருடைய மூத்த மகன் எஞ்சினியரிங் முடித்தவன். ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் வீட்டில் மகிழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகம் தெரிந்தது.

வாப்பாவின் கவலை பணம். அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசா வாங்க ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். அங்கே போனபின் அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். நம் பணத்தில் அது பத்து லட்சத்தைத் தாண்டும். வங்கிக் கடன் என்றால் வட்டி வரும் என்பதால் அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். மாமாமார் கைமாற்றாகக் கொடுத்ததும் உம்மாவின் நகையும் சேர்ந்து அந்தத் தொகை ஆகியிருக்கிறது. உம்மாவின் கவலை சாப்பாடும் நோன்பும். மூலையில் தஸ்பீஹோடு உட்கார்ந்திருந்த வாப்பும்மா மட்டும் எதுவும் கேட்காமல் இருந்தார். நாம் கிளம்பும்போதுதான், போகிற பிள்ளை திரும்பி வருவானா என்று மெல்லக் கேட்டார்.

வருவான் என்று நாம் எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக, நூறு ஆண்டுகளுக்கு முன்பு அதே நாட்டுக்குப் படிக்கப் போன ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். டாக்டர் ஜாகிர் உசேன். நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் என்ற அளவில் எல்லோருக்கும் தெரியும். இளையான்குடிக் கல்லூரியின் பெயராகவும் தெரியும். பெர்லினில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் மாணவராக வாழ்ந்ததைப் பற்றி நம் வீடுகளில் பேசுவது குறைவு.

நாஞ்சில் நாட்டுக்கு ஜெர்மனி ஒன்றும் அந்நியமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாஞ்சில் நாட்டு வேர் கொண்ட குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை, பதினேழு வயது வாக்கில் ஐரோப்பாவுக்குப் போய் சூரிச்சில் படித்தார். அங்கிருந்து பெர்லினுக்குச் சென்று விடுதலைப் போரில் இறங்கினார். 1915இல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் மௌலானா பரக்கத்துல்லா பிரதமர், செண்பகராமன் வெளியுறவு அமைச்சர். அவர் ஊர் திரும்பவே இல்லை. 1934இல் பெர்லினில் இறந்தார். 32 ஆண்டுகள் கழித்து 1966இல் அவருடைய சாம்பல்தான் குமரிக் கடலுக்கு வந்து சேர்ந்தது. ஜாகிர் உசேன் பெர்லினில் படித்த ஆண்டுகளில் இந்தியப் புரட்சியாளர்கள் பலர் அந்த நகரத்தில்தான் இருந்தார்கள். திரும்பி வர முடியாதவர்களும் திரும்பி வர வேண்டியவர்களும் ஒரே ஊரில் நடமாடிய காலம் அது.

ஜாகிர் உசேன் 1897 பிப்ரவரி 8ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். குடும்பம் உத்தரப் பிரதேசத்தின் காயம்கஞ்ச் என்ற ஊரைச் சேர்ந்த அஃப்ரீதி பட்டாணியர் குடும்பம். தந்தை ஃபிதா உசேன் கான் ஹைதராபாத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞர். ஏழு ஆண் மக்களில் ஜாகிர் மூன்றாமவர். அவருக்குப் பத்து வயதாகும்போது தந்தை மறைந்தார். குடும்பம் காயம்கஞ்சுக்குத் திரும்பியது. ஜாகிர் இட்டாவாவில் இருந்த இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து விடுதிப் பிள்ளையானார். 1911இல் ஊரில் பிளேக் பரவியபோது தாயார் நாஸ்னீன் பேகமும் வஃபாத்தானார். பிள்ளை அப்போது பக்கத்தில் இல்லை. பதினான்கு வயதில் இரண்டு பேரையும் இழந்த அந்தச் சிறுவனுக்கு வீடு என்பது அதன்பின் விடுதி அறைதான்.

அந்தப் பருவத்தில் அவருக்கு வாய்த்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஹசன் ஷா என்ற சூஃபி. புத்தகப் பைத்தியம் என்றே சொல்லலாம். போகிற இடமெல்லாம் புத்தகங்களைச் சுமந்து போவார். விலைக்குக் கிடைக்காத நூல் எங்காவது இருந்தால் இரவல் வாங்கி வந்து, கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துப் படி எடுக்கச் சொல்வார். அப்படி மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த பிள்ளைகளில் ஜாகிரும் ஒருவர். ஒரு புத்தகத்தை எழுத்து எழுத்தாகக் கடந்து போகும் பழக்கம் அப்போது வந்தது. அது பெர்லினில் எப்படி உதவியது என்பது பின்னால் வரும்.

மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு லக்னோ போனார். உடல்நலம் கெட்டதால் அது நடக்கவில்லை. அலிகர் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. முடித்துப் பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தார். பேச்சில் கெட்டிக்காரர், நகைச்சுவைக்காரர். நண்பர்கள் அவரை முர்ஷித் என்று பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள். எந்நேரமும் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அரட்டைக்கு முதல் ஆள். 1915இலேயே ஷாஜஹான் பேகத்துடன் அவருக்கு நிக்காஹ் ஆகிவிட்டிருந்தது.

1920 அக்டோபரில் காந்தியும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்தார்கள். ஆங்கிலேய அரசின் உதவி பெறும் கல்லூரிகளை விட்டு வெளியே வாருங்கள் என்று மாணவர்களை அழைத்தார்கள். ஜாகிர் அப்போது மாணவர், பகுதிநேர ஆசிரியரும்கூட. நல்ல வேலை கண்ணெதிரே இருந்தது. வெளியே வந்தார். வருகிறவர்களுக்குப் படிக்க வேறு இடம் வேண்டாமா என்று ஹக்கீம் அஜ்மல் கான் போன்ற பெரியவர்களிடம் போய் நின்றவர்களிலும் அவர் இருந்தார். 1920 அக்டோபர் 29ஆம் தேதி அலிகர் கல்லூரிப் பள்ளிவாசலில் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹசன் முன்னிலையில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா தொடங்கியது. கட்டடம் இல்லை. கூடாரங்களிலும் வாடகை வீடுகளிலும் வகுப்புகள் நடந்தன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1922இல் ஜாகிர் உசேன் மேல்படிப்புக்காகப் பெர்லினுக்குப் போனார். வயது 25. அந்தக் காலத்தில் படிப்பு என்றால் இலண்டன், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு என்றுதான் கப்பல் ஏறுவார்கள். படித்து வந்தால் பாரிஸ்டர் பட்டம், அரசு உத்தியோகம் எல்லாம் தயாராக இருக்கும். ஒத்துழையாமையில் கல்லூரியை உதறியவருக்கு அந்த வழி பொருந்தியிருக்காது. ஜெர்மனியோ பிரிட்டனோடு போரிட்டுத் தோற்ற நாடு. அங்கே வாங்கும் பட்டத்துக்கு இந்தியாவில் உத்தியோக மதிப்பு குறைவு, கல்வி மதிப்பு அதிகம். மனைவி ஊரில் இருக்க, ஜாகிர் மட்டும் புறப்பட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த நேரம் இருக்கிறதே, ஒரு வெளிநாட்டு மாணவர் வாழ்க்கை எவ்வளவு விசித்திரமாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம். முதல் உலகப் போருக்கு முன் ஒரு அமெரிக்க டாலருக்கு நான்கு மார்க் சொச்சம். 1922 தொடக்கத்தில் சுமார் 200 மார்க். 1923 நவம்பரில் 4,20,000 கோடி மார்க். பூஜ்யத்தை எண்ணிச் சரிபார்க்க விரும்பும் பிள்ளைகள் எழுதிப் பார்க்கலாம். 4.2க்குப் பின்னால் பன்னிரண்டு இடம் நகர வேண்டும். காலையில் வாங்கிய கூலிக்கு மாலையில் ரொட்டி கிடைக்காது. தொழிற்சாலைகளில் தினமும் கூலி கொடுத்தார்கள். வாங்கிய உடனே மனைவி கையில் கொடுத்துக் கடைக்கு ஓட விட்டார்கள். வாழ்நாள் முழுதும் சேமித்த ஓய்வூதியக்காரர்கள், பேராசிரியர்களின் விதவைகள், வீட்டிலிருந்த பியானோவையும் வெள்ளிக் கரண்டிகளையும் விற்றுச் சாப்பிட்டார்கள். மிச்சமிருந்த அறைகளை வாடகைக்கு விட்டார்கள்.

அந்த அறைகளில் குடியேறியவர்களில் வெளிநாட்டு மாணவர்கள் நிறையப் பேர். வெளியிலிருந்து பவுண்டிலோ டாலரிலோ பணம் வருகிறவனுக்கு அந்த ஊரில் எல்லாம் மலிவு. தன் நாட்டில் ஒதுங்கி வாழ்ந்த நடுத்தர வீட்டுப் பிள்ளை அங்கே திடீரென்று பணக்காரன் ஆனான். உடன் படிக்கும் ஜெர்மன் மாணவனோ சுரங்கத்திலும் பண்ணையிலும் கூலி வேலை செய்து படித்தான். ஊர்க்காரர்களுக்கு வெளிநாட்டார் மேல் எரிச்சல் வராமல் இருக்குமா? வந்தது. பிறகு 1923 நவம்பரில் புதிய மார்க் வந்து விலை நிலைத்ததும் நிலைமை தலைகீழானது. நேற்று வரை மலிவாக இருந்த ஊர் ஒரே குளிர்காலத்தில் செலவு மிகுந்த ஊராயிற்று. கீரிப்பாறை வாப்பா யூரோ விலை ஏறுமோ என்று பயப்படுகிறார். ஜாகிர் உசேன் காலத்து மாணவர்கள் ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்தோடு எழுந்தவர்கள்.

அடுத்தது மொழி. அலிகரில் அவர் படித்ததெல்லாம் ஆங்கிலத்திலும் உருதுவிலும். பெர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரை, நூலகம், தேர்வு எல்லாமே ஜெர்மன். ஆய்வேட்டையும் அந்த மொழியில்தான் கொடுக்க வேண்டும். அவர் தேர்ந்த ஆசிரியர் வெர்னர் சோம்பார்ட், அன்றைய ஜெர்மன் பொருளாதார அறிஞர்களில் முன்வரிசையில் இருந்தவர். எடுத்துக்கொண்ட பொருள் பிரிட்டிஷ் இந்தியாவின் விவசாய அமைப்பு. நிலம் யாரிடம் இருக்கிறது, வரி யார் கட்டுகிறார், உழுகிறவன் கையில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்விகள். காயம்கஞ்சுப் பக்கத்து விவசாயியின் கதையை, பனி கொட்டும் ஊரில் உட்கார்ந்து, அந்நிய மொழியில் எழுதினார். அவசரமாக எழுதி முடித்துவிட்டு ஊர் திரும்பும் ரகம் அல்ல அவர். பொருளாதாரத்தோடு நிற்காமல் கல்வித் தத்துவம் பக்கமும் போனார். கையால் செய்யும் வேலையின் வழியாகப் பிள்ளைகளுக்குப் படிப்பைக் கொண்டுபோக வேண்டும் என்று வாதிட்ட கெர்ஷன்ஷ்டைனரின் எழுத்துகள் அவரைப் பிடித்துக்கொண்டன. இதற்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை. ஆனால் பிற்காலத்தில் அவர் செய்ததில் பாதிக்கு மேல் இந்த மதிப்பெண் இல்லாத படிப்பிலிருந்து வந்தது என்பது நம் கருத்து.

உம்மாக்களின் கேள்விக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் ஆண்டு முழுதும் பகலும் இரவும் கிட்டத்தட்ட சமம். பெர்லினில் டிசம்பரில் காலை எட்டேகால் மணிக்குச் சூரியன் உதித்து மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். ளுஹரும் அஸரும் மஃரிபும் ஒன்றன் பின் ஒன்றாக ஓடி வரும். ஜூனில் இன்றைய கடிகாரப்படி மஃரிபே இரவு ஒன்பதரை மணிக்குத்தான். ஜாகிர் உசேன் அங்கிருந்த ஆண்டுகளில் ரமலான் மார்ச் கடைசிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வந்தது. ஒவ்வொரு நாளும் பகல் சில நிமிடங்கள் நீண்டுகொண்டே போகும் பருவம். புதிதாகப் போகிற நம் பிள்ளைகளுக்கு இனி சில ஆண்டுகள் குளிர்கால ரமலான்தான், உம்மாமார் அந்த வகையில் நிம்மதியாக இருக்கலாம்.

பள்ளிவாசலுக்கு அப்போது வெகுதூரம் போக வேண்டியிருந்தது. பெர்லினுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் வுன்ஸ்டார்ஃப் என்ற இடத்தில், போர்க் கைதிகள் முகாமில் 1915இல் மரத்தால் கட்டிய ஒரு பள்ளிவாசல் இருந்தது. பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யப் படைகளிலிருந்து பிடிபட்ட முஸ்லிம் வீரர்களுக்காக ஜெர்மன் அரசு கட்டியது. நம் நாட்டு வீரர்களும் அதில் தொழுதிருக்கிறார்கள். நகரத்துக்குள், வில்மர்ஸ்டார்ஃப் பகுதியில் முகலாயர் பாணியில் ஒரு பள்ளிவாசல் எழுந்தது 1920களின் நடுவில்தான். 1922இல் பெர்லின் முஸ்லிம்களுக்காக ஒரு ஜமாஅத் அமைப்பைத் தொடங்கியவர் இந்தியரான அப்துல் ஜப்பார் கைரி. துருக்கியர், தாத்தாரியர், ஆப்கானியர், எகிப்தியர், இந்தியர் என்று பல நாட்டவர் ஒன்றாகச் சேர்ந்த நகரம் அது. ஊரில் ஒரு தெருவுக்கு இரண்டு ஜமாஅத் என்று பிரிந்து கிடக்கும் நமக்கு அது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

அங்கே அவருக்குக் கிடைத்த இரண்டு தோழர்கள் வாழ்நாள் தோழர்களானார்கள். ஒருவர் சையித் ஆபித் உசேன், கல்வித் தத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தவர். இன்னொருவர் முஹம்மது முஜீப். லக்னோவின் வசதியான வழக்கறிஞர் குடும்பப் பிள்ளை. ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்துவிட்டு அச்சுத் தொழில் கற்றுக்கொள்ள பெர்லின் வந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி அச்சாபீசில் வேலை பழகுவதா என்று நம் ஊரில் கேட்டிருப்பார்கள்.

அச்சாபீஸ் ஜாகிர் உசேனையும் இழுத்தது. பெர்லினில் ஈரானியர்கள் நடத்திய காவியானி என்ற அச்சகம் இருந்தது. பாரசீக நூல்களை அழகாக அச்சிடுவதில் பெயர் பெற்றது. மிர்ஸா காலிபின் உருதுக் கவிதைத் தொகுப்பை அங்கே ஒரு நல்ல பதிப்பாகக் கொண்டுவர வேண்டும் என்று ஜாகிருக்கு ஆசை. இந்தியாவில் அப்போது உருது நூல்களைக் காத்திப் கையால் எழுத, அதைக் கல்லச்சில் எடுப்பார்கள். காகிதம் மட்டம், மை பரவும். ஈய எழுத்தில் கோத்து, நல்ல தாளில், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவில் காலிப் வர வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் பாரசீகத்தில் இல்லாத எழுத்துகள் உருதுவில் உண்டு. அங்கே இருந்த அச்சுக்கோப்பவர்களுக்கு உருது தெரியாது. ஆகவே அவரே அச்சுக் கோக்கக் கற்றுக்கொண்டார். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற மாணவர், எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று, கைவிரல் ஈயக் கறையாக, காலிபின் வரிகளை எழுத்து எழுத்தாகக் கோத்தார். ஹசன் ஷாவுக்குப் படி எடுத்துக் கொடுத்த பிள்ளைக்கு அந்த வேலை அலுக்கவில்லை. 1925இல் அந்தத் தொகுப்பு வெளிவந்தது. உருது வாசகர்கள் அதுவரை காலிபை அப்படி ஓர் உருவத்தில் பார்த்ததில்லை. அடுத்து, ஷைதா என்ற புனைபெயரில் எழுதிய ஹக்கீம் அஜ்மல் கானின் கவிதைகளையும் அதே போல் கொண்டுவந்தார்.

1924இல் இன்னொரு நூலும் வந்தது. அல்ஃபிரட் எரென்ட்ரைக் என்பவரோடு சேர்ந்து காந்தியின் பேச்சுகளையும் எழுத்துகளையும் ஜெர்மனில் தந்த நூல் அது. இரண்டு ஆண்டுக்குள் ஜெர்மனில் புத்தகம் போடும் அளவுக்கு வந்துவிட்டார். புது மொழியைக் கண்டு நடுங்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம்.

பெர்லின் நட்புகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணி. 1895இல் பிறந்தவர், இசை பயின்றவர், சிறு பிள்ளைகளின் கல்வியில் ஈடுபாடு உடையவர். இந்திய மாணவர்கள் மூவருக்கும் அறிமுகமானார். ஜெர்மன் நாடகம், இசை, நகரத்துப் பெரிய மனிதர்கள் என்று பல கதவுகளை அவர்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். ஜாமியா என்ற பெயரை முதலில் இவர்கள் வாயிலாகத்தான் கேட்டார். ஏழைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றி இரவெல்லாம் பேசும் இளைஞர்களைப் பார்த்து, தானும் அங்கே வந்து வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அப்போது அது நடக்கவில்லை.

அந்த ஏழைப் பள்ளிக்கூடத்தின் நிலையோ நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. ஜாமியாவுக்குப் பணம் வந்தது பெரும்பாலும் கிலாஃபத் இயக்கத்திலிருந்து. 1924 மார்ச்சில் துருக்கியில் கிலாஃபத்தையே ஒழித்துவிட்டார்கள். இயக்கம் தளர்ந்தது, பணமும் நின்றது. ஒத்துழையாமையும் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. பெற்றோர் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மூடிவிடலாம் என்று பொறுப்பில் இருந்தவர்களே பேசத் தொடங்கினார்கள். ஹக்கீம் அஜ்மல் கானும் டாக்டர் அன்சாரியும் விடவில்லை. காந்தியும் பிச்சை எடுத்தாவது நடத்தலாம் என்று நின்றார். 1925இல் ஜாமியா அலிகரிலிருந்து டில்லி கரோல் பாகுக்கு இடம் மாறியது.

மூடப் போகிறார்கள் என்ற பேச்சு பெர்லினுக்கும் எட்டியது. அப்போது ஜாகிர் உசேன் முன்னால் இருந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். ஆய்வு முடியும் நேரம். பெர்லின் டாக்டர் பட்டத்தோடு எந்தப் பல்கலைக்கழகத்திலும் நல்ல சம்பளத்துக்குப் போகலாம். ஐரோப்பாவிலேயே தங்கி எழுதிப் பிழைக்கலாம், நண்பர்களும் புத்தகங்களும் அங்கே. ஊரிலோ மனைவி, குடும்பம், காத்திருப்பு. பணம் சம்பாதிக்க வேண்டியதும் கடமைதான். ஜாகிர் அனுப்பிய செய்தி, தானும் சில நண்பர்களும் ஜாமியாவுக்கு வரத் தயாராக இருக்கிறோம், நாங்கள் வரும் வரை மூட வேண்டாம் என்பது. ஆபித் உசேன் சம்மதித்தார். முஜீப் வருகிறேன் என்றபோது, வசதியான வீட்டில் வளர்ந்த பிள்ளை அந்தக் கஷ்டத்துக்குத் தாங்குவானா என்று ஜாகிர் தயங்கினார் என்று சொல்வார்கள். முஜீப் பிடிவாதமாக நின்றார். அந்த முஜீப்தான் பின்னாளில் 25 ஆண்டுகள் ஜாமியாவின் துணைவேந்தராக இருந்தார்.

ஆய்வேடு மிக உயர்ந்த தகுதியோடு ஏற்கப்பட்டது. 1926 பிப்ரவரியில் மூவரும் டில்லி வந்து சேர்ந்தார்கள். 29 வயதில் ஜாகிர் உசேன் ஷைகுல் ஜாமியா, அதாவது துணைவேந்தர். பெயர்தான் பெரிது. வாடகைக் கட்டடம், கடன், சம்பளம் தர வழியில்லை. 1927 டிசம்பரில் ஹக்கீம் அஜ்மல் கான் காலமானபோது ஜாமியாவின் பெரிய தூணே சாய்ந்தது. அதன்பின் ஆசிரியர்கள் கூடி ஓர் உறுதி எடுத்தார்கள். 20 ஆண்டுகள் ஜாமியாவில் இருப்போம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டோம் என்று. அந்த 150 ஒரு வரம்புதான், கைக்கு வந்தது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. சில மாதம் ஒன்றுமே வராது. கடைக்காரர் கடன் தர மறுக்கும் மாதங்களில் வீட்டை நடத்தியவர் ஷாஜஹான் பேகம். பெர்லின் பட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அம்மையார் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

துணைவேந்தர் சிறுவர் பள்ளியில் வகுப்பும் எடுத்தார். நன்கொடைக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் அழுக்குக் காலணியோடு வருவதைப் பலமுறை சொல்லிப் பார்த்தும் கேட்காதபோது, ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து தானே பாலிஷ் போட்டுவிட்டார் என்ற கதையை ஜாமியாவில் படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். பிள்ளைகளுக்குக் கதைகளும் எழுதினார். அபூ கானின் ஆடு என்ற கதை உருதுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படிப்பது. அதை அவர் தன் பெயரில் வெளியிடவில்லை. சிறுவயதில் இறந்துபோன தன் மகள் ரெஹானாவின் பெயரில் வெளியிட்டார்.

1932 கடைசியில் கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் டில்லி வந்தார். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வரும் நேரம். இப்போது புது ஊரில் புது மொழி கற்க வேண்டியவர் அவர். உருது கற்றுக்கொண்டார். ஜாமியாவின் மழலைப் பிள்ளைகளின் பொறுப்பை ஏற்றார். பிள்ளைகள் அவரை ஆபா ஜான் என்று அழைத்தார்கள். போர் வந்ததும் ஜெர்மன் குடிமகள் என்று சொல்லி ஆங்கில அரசு அவரைத் தடுப்பு முகாமில் அடைத்தது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதப் பெண்ணை ஜெர்மன் என்று அடைத்த கொடுமையை என்ன சொல்ல. வெளியே வந்தபோது உடல் நலிந்திருந்தது. 1943 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார். ஜாமியா அடக்கத்தலத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

மீதி வரலாறு பாடப் புத்தகத்தில் இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடலாம். 1935இல் ஓக்லாவில் ஜாமியாவுக்குச் சொந்தக் கட்டடம் தொடங்கியபோது அடிக்கல் நாட்டியவர் எந்தத் தலைவரும் அல்ல, பள்ளியின் மிகச் சிறிய மாணவன். 1937இல் காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்கு ஜாகிர் உசேன் தலைவர். கைத்தொழில் வழியே படிப்பு என்ற பெர்லின் பாடம் அங்கே வந்து சேர்ந்தது. 1947 கலவரத்தில் ஜலந்தர் ரயில் நிலையத்தில் கொலைக் கும்பலிடமிருந்து ஒரு சீக்கிய ராணுவ அதிகாரியும் ஒரு இந்து ரயில்வே ஊழியரும் அவரைக் காப்பாற்றினார்கள். 1948இல், அன்று உதறிவிட்டு வந்த அதே அலிகருக்குத் துணைவேந்தராகப் போனார். பிறகு பீகார் ஆளுநர், 1962இல் குடியரசுத் துணைத் தலைவர், 1963இல் பாரத ரத்னா, 1967 மே மாதம் குடியரசுத் தலைவர். 1969 மே 3ஆம் தேதி பதவியில் இருக்கும்போதே வஃபாத்தானார். ஜாமியா வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்.

ஜாகிர் உசேனின் தம்பிகளில் யூசுஃப் உசேன் பாரிசிலும், மஹ்மூத் உசேன் ஹைடெல்பர்கிலும் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார்கள். மஹ்மூத் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் கல்வி அமைச்சராக இருந்தார். ஒரே வீட்டிலிருந்து வெளியூர் போன பிள்ளைகள் ஒரே இடத்துக்குத் திரும்பவில்லை.

இதையெல்லாம் கீரிப்பாறை வீட்டுத் திண்ணையில் சொல்லி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழை தெரிந்ததுதான், பஸ் போனாலும் மழை போகாது. பையன் காலிப் பதிப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டான், அது இப்போதும் கிடைக்குமா என்று. வாப்பா, அந்தக் காலத்தில் வட்டியில்லாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டார். வாப்பும்மாவின் கேள்வி வேறு. அந்த நாலு வருஷமும் ஷாஜஹான் பேகத்துக்குக் கடிதம் ஒழுங்காக வந்ததா என்று கேட்டார். நாம் பையனைப் பார்த்தோம். அவன் எழுந்து போய், வாப்பும்மாவின் பட்டன் போனைத் தூர வைத்துவிட்டு, தன்னுடைய பழைய போனில் முகம் பார்த்துப் பேசுவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தான். மலையடிவாரத்தில் சிக்னல் முற்றத்தின் ஒரு மூலையில்தான் கிடைக்கிறது. அங்கே ஒரு நாற்காலி போட வேண்டும் என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.